வாழைக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவார்?

அக்டோபர் 9, 2025, வியாழன்

அக்காவுக்கும் மாமாவுக்கும் பிரிட்டன் விசா இல்லை என்று ஆகிவிட்டது. கூரியரில் பாஸ்போர்ட்டும் ஆளுக்கொரு கடிதமும் வந்தன. ஜனவரியில் மகளுக்குப் பிரசவம். லீட்ஸில் அவளும் மாப்பிள்ளையும் மட்டும்தான். "நாம என்ன திருடவா போறோம்?" என்று மாமா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அக்கா, "கட்டின காசு திரும்பி வருமா தம்பி?" என்று கேட்டாள். வராது. ஆளுக்கு 127 பவுண்டு. பரிசீலிப்பதற்கான கட்டணம் அது, விசாவின் விலை அல்ல.

அக்டோபர் 10, வெள்ளி

கடிதத்தை நிதானமாகப் படித்தேன். இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. வருகையாளர் விதிகளில் 'வி 4.2' என்று ஒரு பிரிவு. தவணை முடிந்ததும் திரும்புவார், சொன்ன காரியத்துக்குத்தான் வருகிறார், செலவுக்குப் பணம் இருக்கிறது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டுமாம். ஏற்படவில்லை. மனுவுக்குச் சற்று முன்பு கணக்கில் மொத்தமாக 4 லட்சம் விழுந்திருக்கிறது, எங்கிருந்து என்று சொல்லவில்லை. விவசாய வருமானம் என்கிறார்கள், ஆதாரம் இல்லை. சொந்தமாக விவசாயம் செய்பவர் ஆறு மாதம் வெளிநாட்டில் இருந்தால் நிலத்தைப் பார்ப்பது யார்?

மூன்றாவதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். மனுவை நிரப்பிய கம்ப்யூட்டர் சென்டர் பையன், விசா ஆறு மாதத்துக்கு என்பதால் தங்கும் காலத்தையும் ஆறு மாதம் என்றே போட்டிருக்கிறான். மாமாவை ஆறு நாள் தோட்டத்திலிருந்து பிரிக்க முடியாது. அந்த அதிகாரி கேட்டது நியாயமான கேள்வி: வாழைக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவார்?

இரண்டாவது காரணத்தில்தான் எனக்குக் கோபம். வருமான வரிச் சட்டம் 10(1) பிரிவு விவசாய வருமானத்துக்கு விலக்கு தருகிறது; மாமா ஒருநாளும் ரிட்டர்ன் போட்டதில்லை. சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு, படிவம் 16, விடுப்புக் கடிதம் என்று அடுக்கடுக்காகத் தாள் இருக்கிறது. மூன்று ஏக்கர் வாழையும் இரண்டு கறவை மாடும் வைத்திருப்பவர் லீட்ஸில் தங்கிவிடுவார் என்று சொன்னால் தொட்டியத்தில் ஒருவரும் நம்ப மாட்டார். ஆனால் கடிதம் எழுதியவர் தொட்டியத்தைப் பார்த்ததில்லை. அவர் முன்னால் இருந்தது வெறும் கோப்பு.

அக்டோபர் 12, ஞாயிறு

துக்கம் விசாரிப்பதுபோல் வந்துபோகிறார்கள். பெரியப்பா மகன் அப்பீல் போடச் சொன்னார். குடும்பத்தாரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அப்படியொரு உரிமை இருந்தது உண்மைதான். 2013 ஜூன் 25-ஆம் தேதியோடு எடுத்துவிட்டார்கள். இப்போது மனித உரிமையைக் காட்டினால் உண்டு. இல்லையென்றால் அங்கே நீதிமன்றச் சீராய்வு கேட்க வேண்டும். அதற்கு ஆகும் வக்கீல் செலவில் பலமுறை புது மனுவே போடலாம். இத்தனை மாதம் பொறுத்துத்தான் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மாலையில் திருச்சி ஏஜென்ட் ஒருவர் போனில் வந்தார். கணக்கில் இன்னும் ஐந்து லட்சம் 'ஷோ மணி' காட்டலாம், மறுத்ததைச் சொல்லவே வேண்டாம், புது பாஸ்போர்ட் எடுத்துவிடலாம் என்றார். கைரேகை பழையதுதானே ஐயா என்றேன். போலித் தாளோ பொய்யோ பிடிபட்டால் பத்து வருடம் அந்தப் பக்கமே போக முடியாது. பேரப்பிள்ளை ஐந்தாம் வகுப்புக்குப் போய்விடும்.

அக்டோபர் 15, புதன்

நாள் முழுக்கக் காகிதம். ஏலச்சீட்டு எடுத்த பணம்தான் அந்த 4 லட்சம். பதிவு பெற்ற சீட்டு என்பதால் பாஸ்புக்கும், பணம் கொடுத்த ரசீதும் கிடைத்தன. தெருச் சீட்டாக இருந்திருந்தால் அக்காவின் சத்தியம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். பட்டா, சிட்டா இணையத்திலேயே எடுத்தோம், அடங்கலுக்கு வி.ஏ.ஓ. அலுவலகம். பால் சங்கத்துப் பணம் வங்கியில் வரவாகிற வரிகளைப் பென்சிலால் கோடிட்டேன். மண்டிக்காரர், பங்குனியில் வெட்டப்போகும் பூவன் தாருக்கு முன்பணம் கொடுத்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாமா திரும்பி வருவார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தோன்றவில்லை. மாமாவின் தம்பி, நிலத்தையும் மாட்டையும் தான் பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார்.

தமிழ்த் தாள் ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். சரியான மொழிபெயர்ப்புதான் என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வங்கி இருப்பு இவ்வளவு என்று விதியில் தொகை எதுவும் இல்லை. செலவுக்குப் பொருத்தமாகவும் வந்த வழி தெரிவதாகவும் இருந்தால் போதும்.

தங்கும் காலத்தை ஜனவரி 5 முதல் பிப்ரவரி 20 வரை என்று வைத்தோம். மாட்டுப் பொங்கலுக்கு ஊரில் இருக்க முடியாது என்று மாமா முறைத்தார். "அப்ப நீங்க இருங்க, நான் மட்டும் போறேன்" என்றாள் அக்கா. அத்தோடு முடிந்தது.

நவம்பர் 4, செவ்வாய்

புது மனுவை நானே உட்கார்ந்து நிரப்பினேன். எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு 'ஆம்', தேதி, காரணம். அக்காவுக்கு மனசே இல்லை. "நாமளே சொல்லணுமா?" அவர்களிடம் இருக்கும் விவரத்தை அவர்களிடமே மறைத்து என்ன ஆகப்போகிறது?

முகப்புக் கடிதத்தை முன்பு மறுத்த வரிசையிலேயே எழுதினேன்: அவர்களுடைய ஒவ்வொரு காரணமும், அதன் கீழ் நம் பதிலும், தாளின் எண்ணும். கெஞ்சல் ஒரு வரி கூட இல்லை. மகளின் மருத்துவமனைக் கடிதம், அவளுடைய குடியிருப்பு அனுமதி, வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் சேர்த்தாயிற்று. போவது பிரசவத்தின்போது கூட இருக்க. மகள் வேலைக்குத் திரும்பிய பின் பிள்ளை பார்க்கும் ஆளாக இருக்க அல்ல. அந்த வித்தியாசத்தை எழுத்திலேயே காட்டிவிட்டேன். குறுகிய வருகையில் பாட்டி பேரனைத் தூக்கலாம், ஆயாவாக வேலை பார்க்கக் கூடாது என்பது அவர்கள் நிலை.

நவம்பர் 12, புதன்

சென்னையில் கைரேகை கொடுத்துவிட்டு இரவுப் பேருந்து. முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். ஜனவரி டிக்கெட் விலை ஏறுகிறது, இப்போதே வாங்கிவிடலாம் என்று மாமா சமயபுரம் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். விசா கையில் வரும்வரை வாங்க வேண்டாம் என்றேன். கேட்கிற ஆள் இல்லை. காலையில் எழுந்ததும் டிராவல்ஸ்காரரைக் கூப்பிட்டு, ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பத் தருகிற டிக்கெட் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.