தொட்டுப் பார்க்காம மருந்து எழுதாதீங்க

போன மாசம் நைட் டியூட்டி முடிச்சு வந்து, வீட்டு உபுண்டு கம்ப்யூட்டரை ஆன் பண்ணினேன். நெட் வரலை. அரைத் தூக்கத்தில் டிரைவர் கோளாறுன்னு நானே முடிவு கட்டி, டிஸ்க்கை அழிச்சு ஓஎஸ்ஸை மறுபடி போட்டேன். நீட் பிஜிக்காக ஆறு மாசம் டைப் பண்ணின நோட்ஸ் மொத்தமும் போச்சு. பேக்கப் கிடையாது. அப்பவும் நெட் வரலை.

அப்புறம்தான் பின்பக்கம் குனிஞ்சு பார்த்தேன். லேன் போர்ட்டில் லைட் எரியலை. டெர்மினலில் 'ஐபி லிங்க்'னு கேட்டா 'நோ கேரியர்'னு சொல்லுது. கேபிள் வழியா சிக்னலே வரலைன்னு அர்த்தம். கேபிளை மாத்தினேன், நெட் வந்துடுச்சு.

இப்போ என் வரிசை இதுதான். முதல்ல லைட். அடுத்து ரவுட்டருக்கு பிங். பதில் வந்தா 8.8.8.8க்கு பிங். அதுவும் வந்து, வெப்சைட் மட்டும் திறக்கலைன்னா டிஎன்எஸ்ஸைப் பாருங்க. எந்தப் படியில் நிக்குதோ, அங்கிருந்து தேடுங்க.

பேஷன்டைத் தொட்டுப் பார்க்காம மருந்து எழுதாதீங்கன்னு வார்டில் ஹவுஸ் சர்ஜன்களிடம் தினமும் சொல்ற ஆள் நான். அன்னைக்கு அதைத்தான் செஞ்சேன்.

நோட்ஸை முதல் பக்கத்திலிருந்து மறுபடி டைப் பண்ணிட்டு இருக்கேன். இந்தத் தடவை பென்டிரைவிலும் ஒரு காப்பி.