வெடித்த குடம்

சென்ற ஐப்பசி மழையில் நம் வீட்டுப் பித்தளைக் குடம் வெடித்தது. வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. கழுத்தோரம் மயிரிழைபோல் நீண்டதொரு பிளவு. மூத்த பெண்தான் கீழே போட்டிருப்பாள் என்று தீர்மானித்து நாம் கடிந்துகொண்டோம். இல்லவேயில்லை என்று அவள் அழுதாள், நம்பினோமில்லை. இரஸாயனம் கற்பிக்கும் உபாத்தியாயர் சாட்சியமின்றித் தீர்ப்புச் சொன்ன விந்தையை என்னென்பது!

பற்று வைப்பதற்காகக் குடத்தை நெல்லித்தோப்பிலேயே ஒரு கன்னாரிடம் கொண்டுசென்றோம். கிழவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாத்தியாரையா, விழுந்த குடமானால் நசுங்கியிருக்குமே! எங்கே வைத்திருந்தீர்கள்?"

"மாட்டுக் கொட்டிலில்" என்றோம். சொன்ன மாத்திரத்தில் நமக்கே சுருக்கென்றது.

பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவிலிருந்த பட்டாளத்தார், மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தனர். யாரும் தொடாமலே அவற்றின் பித்தளைக் கூடுகள் வெடித்தன. காரணத்தை 1921ல் மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் ஆகிய மூவர் விளக்கினர். செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் கலந்த அந்தப் பித்தளையைக் குளிர்ந்த நிலையிலேயே இழுத்துக் கூடாக்குவதால், உள்ளே ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. ஈரமும் மூத்திரத்திலிருந்தெழும் அம்மோனியாவும் சேர்ந்தால், இறுகிய உலோகம் தானே பிளக்கும். பட்டாளத்துக்குக் குதிரை, நமக்குப் பசு. அவ்வளவே வித்தியாசம்.

பரிகாரம் தீதான். அதிலும் இரண்டு வகையுண்டு. தட்டித் தட்டிக் கெட்டியான தகட்டை மீண்டும் தட்டவேண்டுமானால், கன்னார் அதைக் கரியடுப்பில் மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி இளக்குவார். நிறம் தெரிவதற்காக நிழலில்தான் செய்வார். உடனே நீரில் தோய்த்தாலும், எஃகைப்போல் பித்தளை கெட்டிப்படாது. சூடு மிஞ்சினாலோ துத்தநாகம் வெண்புகையாய்ப் போய்விடும். தோட்டாக் கூட்டிலும் கழுத்தையே இவ்விதம் இளக்குவர். வெடியின் வேகத்தைத் தாங்கும் அடிப்பாகம் கெட்டியாகவே இருக்கவேண்டும்.

இறுக்கத்தை மட்டும் நீக்க 250 முதல் 300 டிகிரி வரை ஒரு மணி நேரச் சூடு போதும். கெட்டித்தன்மையும் அதிகம் குறையாது. உஷ்ணமானி எதற்கு? வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327ல். பால் கறக்க வாங்கிய புதுச் சொம்பை, சமையலுக்கு உதவாத பழைய இரும்புச் சட்டியில் உலர்ந்த மணலிட்டுப் புதைத்தோம். தனித்தனி ஓட்டுச் சில்லுகளில் இரண்டிலும் சிறு துணுக்கு வைத்து, சொம்பில் படாதபடி மணலில் பதித்தோம். முன்னது உருகிப் பின்னது உருகாதிருக்கும்படி தணலைக் காத்தால் போதும். சொம்புக்கு ஈயம் பூசுவதானால் இதற்குப் பின்னரே. முன்பே பூசியிருந்தால் வழிந்துவிடும். வெடித்துவிட்ட பாத்திரத்துக்கு இது உதவாது, பற்றுதான் வைக்கவேண்டும்.

முதலில் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொல்லையில் தணல் மூட்டியபோது மட்டும் சற்றுத் தள்ளி வந்து நின்றாள். நாம் விசிறிக்கொண்டிருக்கையில், "வெள்ளீயம் உருகிவிட்டதப்பா, விசிறாதீர்கள்!" என்று கூவினாள்.