யானைமலையும் ஒரு காமிராவும்

மதுரையை விட்டு மேலூர்ச் சாலையில் ஐந்தாறு மைல் போனால் ஒத்தக்கடை என்ற ஊர் வருகிறது. ஊர் வருவதற்கு முன்பே, துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் பிரம்மாண்டமான யானையொன்று நம் பார்வையை மறித்துக்கொள்கிறது. ஏறத்தாழ 2 மைல் நீளமும் 250 அடி உயரமும் உள்ள ஒரே கல் அது. மதுரையை அழிப்பதற்காகச் சமணர் ஏவிய யானையைச் சொக்கநாதர் நரசிங்கக் கணை தொடுத்துக் கல்லாக்கினார் என்று திருவிளையாடற் புராணம் சொல்லுகிறது. புராணம் எப்படியாயினும், மலையின் மேலே தீர்த்தங்கரர்களின் உருவங்களும் அடிவாரத்திலே நரசிங்கப் பெருமாள் குடைவரையும் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக யாதொரு சச்சரவுமின்றி ஒரே கல்லைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன.

இயற்கைக் காட்சிகளைப் படம் பிடிக்க விரும்புகிறவர்கள் காமிரா வாங்கிய மறுநாளே கொடைக்கானலுக்கும் உதகைக்கும் ரயிலேறுவது வழக்கம். அங்கே மலையும் மூடுபனியும் ஏற்கனவே படமாகவே அமைந்திருக்கின்றன. பொத்தானை அழுத்துவது ஒன்றே பாக்கி. அப்படி எடுத்த படம் அழகாயிருப்பதில் எடுத்தவருக்குள்ள பங்கு எவ்வளவு என்பது நமக்கு வெகுநாளாக உள்ள சந்தேகம். ஆகையால் வீட்டுக்கு அருகிலுள்ள இந்த ஒரு கல்லையே ஒன்றரை வருஷ காலம் விடுமுறைதோறும் சென்று பார்ப்பதென்று தீர்மானித்தோம். ஒரு காமிரா, ஒரு லென்ஸ், ஒரு முக்காலி; ஒரு தடவைக்கு மூன்று படங்களுக்கு மேல் எடுப்பதில்லை என்று ஒரு விரதமும் வைத்துக்கொண்டோம். ஆயிரம் படம் எடுக்க வசதியுள்ள இக்காலத்துக் காமிராவுக்கு இது ஏகாதசி உபவாசம் போன்றதுதான். ஆயினும் உபவாசத்தில் பசி கூர்மையாவதுபோல், மூன்றே படம் என்றதும் கண் கூர்மையாகிறது.

காலையில் யானையின் ஒரு விலாவில் வெயில் விழுகிறது. மறு விலா நீல நிழலில் உறங்குகிறது. நடுப்பகலில் கல்லுக்கு உருவமே கிடையாது. சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளிறி நிற்கும். சாயங்காலத்துச் சாய்ந்த வெயிலோ ஒவ்வொரு சுருக்கத்திலும் வெடிப்பிலும் புகுந்து கல்லுக்குத் தோல் கொடுத்துவிடுகிறது. இவையெல்லாம் புத்தகங்களிலும் எழுதியிருக்கும் சங்கதிகளே. ஆனால் மாசி மாதத்து மாலை வெயில் எந்த வெடிப்பில் எத்தனை நிமிஷம் தங்குகிறது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. அதற்குக் கால்கடுக்க நிற்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

இந்தக் கல்லுக்குப் பழைய புகைப்படம் ஒன்று உண்டு. எடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்ற காப்டன். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். எடுத்த காலம் 1858-ம் வருஷத்துத் தொடக்கம். வடக்கே லக்னௌவில் சுதந்திரப் போர் இன்னும் ஓயாத சமயம் அது. தெற்கே கம்பெனியின் உத்தியோகஸ்தர் ஒருவர் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று ஊர் ஊராகச் சென்று கோபுரங்களையும் பாறைகளையும் ஜாபிதா போடுவதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்நிய ஆட்சியின் கணக்கெடுப்புக் கண் அது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த மனிதருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியிலுள்ள கல்வெட்டை 21 படங்களாகப் பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளமாக்கினார். மெழுகேற்றிய காகிதமே அவருக்குப் பிலிம். அந்தக் காகிதத்துக்கு நீல ஒளியென்றால் அளவுகடந்த பிரியம். வானம் முழுவதும் வெறும் வெள்ளையாகிவிடும். ஆகவே நெகட்டிவின்மேல் வர்ணம் தீட்டி மேகங்களைத் தாமே உண்டாக்கினார். படத்தைத் திருத்துவது இக்காலத்துக் கம்ப்யூட்டரின் துர்ப்பழக்கம் என்று கோபிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1859-ல் சென்னைக் கவர்னராக வந்த டிரெவெலியன் துரை இதெல்லாம் வீண் ஆடம்பரம் என்று அந்த வேலைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்.

டிரைப்பின் தென்னாட்டுப் படங்களில் பெரும்பாலும் மனிதரைக் காண முடியாது. வெளிச்சத்தை வெகுநேரம் உண்ட பிறகே அவருடைய காகிதம் உருவத்தைப் பிடிக்கும்; அதற்குள் நடந்து போகிறவன் மறைந்துவிடுவான். கல் மட்டும் மிஞ்சும். கருவியின் குறையாகத் தொடங்கிய இந்த வெறுமை, பிற்பாடு கலையின் இலக்கணமாகவே ஆகிவிட்டது. அமெரிக்காவில் ஆன்ஸல் ஆடம்ஸ் என்பவர் 1927 ஏப்ரலில் யோஸெமிட்டிப் பள்ளத்தாக்கின் அரைக்கோளப் பாறையைப் படம் எடுத்தார். கையிலிருந்த பிளேட்டுகள் இரண்டே. முதலாவதை மஞ்சள் வடிகட்டி போட்டு எடுத்தார். பிறகு மனக்கண்ணில் வானம் கரியதாகத் தோன்றவே, கடைசி பிளேட்டுக்குக் கருஞ்சிவப்பு வடிகட்டியை மாட்டினார். எடுக்கும் முன்பே படத்தை மனத்தில் காண்பது என்ற பாடத்தை உலகத்துக்குக் கற்பித்த படம் அது. அதிலும் ஆள் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகள் மீது 1851-லேயே படையை ஏவி அவர்களைத் துரத்தியிருந்தார்கள் என்பதைப் படம் சொல்லுவதில்லை.

யானைமலையைச் சுற்றியோ ஜனங்கள் நிறைந்திருக்கிறார்கள். 2010-ம் வருஷத்தையொட்டி இந்த மலையைச் செதுக்கிச் சிற்ப நகரம் ஆக்கும் யோசனை ஒன்று எழுந்தபோது, நரசிங்கம், ஒத்தக்கடை முதலிய ஊர்க்காரர்களே திரண்டு மறித்தார்கள், யோசனை கைவிடப்பட்டது. மேலூர்ப் பக்கத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகளை அறுத்துத் தள்ளிய விவகாரம் 2012-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே போனவர்களுக்குத்தான் தெரியும், மலை இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிய குழி எப்படியிருக்கும் என்று. ஆகவே இந்தக் கல்லைப் படம் பிடிக்கிறவன் கல்லோடு நிறுத்திக்கொள்வது நியாயமல்ல என்று நமக்குப் பட்டது.

ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ போனபோது ஆடு மேய்க்கும் கிழவி ஒருத்தி அருகே வந்து நின்றாள்.

"என்னய்யா, வாரம் தவறாம வந்து கல்லையே பாத்துக்கிட்டு நிக்கிறீக?"

"வெளிச்சம் நன்றாக விழட்டும் என்று காத்திருக்கிறேன், ஆத்தா."

"வெயில்ல என்ன தெரியும்? மழை விட்டதும் வாங்க. ஆனை குளிச்சு எந்திரிச்சிருக்கும்."

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் போனோம். பாறையின் உச்சியிலிருந்து கரிய நீர்க்கோடுகள் பல வழிந்துகொண்டிருந்தன. நிஜமாகவே குளித்துக் கரையேறிய யானை. அடிவாரத்து வயலின் நீரில் அது தலைகீழாகப் படுத்திருந்தது. மேலூர்ப் பக்கத்து வயல்களுக்குப் பெரியாற்றுத் தண்ணீர் வந்தது 1895-க்குப் பிறகு. டிரைப் துரைக்கு அந்தத் தண்ணீர் கிடைக்கவில்லை. வரப்பின் மேல் கிழவியும் ஆடுகளும் போய்க்கொண்டிருந்தபோது முதல் படத்தை எடுத்தோம். மற்ற இரண்டையும் எடுக்கவேண்டும் என்று தோன்றவில்லை.

படத்தின் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "செவலையைக் காணமே?" என்றாள். செவலை என்பது அவளுடைய ஆடு. பிறகு ஓரத்தில் அதன் வாலைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டாள். யானையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

போக விரும்பும் நேயர்களுக்கு: மதுரையிலிருந்து ஒத்தக்கடைக்குப் பஸ் வசதி உண்டு. நரசிங்கப் பெருமாள் கோயிலையும் அவசியம் பாருங்கள். மாறன் காரி என்ற பாண்டிய மந்திரி கி.பி. 770-ல் குடைவித்தது. கோயிலை முடிக்குமுன் அவர் காலமாகிவிடவே, தம்பி மாறன் எயினன் முக மண்டபம் கட்டி நிறைவேற்றியதைக் கல்வெட்டு கூறுகிறது. மேலே ஏறுகிறவர்கள் பொழுது விடியுமுன் கிளம்புவது நல்லது. ஒன்பது மணிக்குமேல் கல் காலைச் சுடும்.