வெள்ளகவி கண்டோம்

கோடைக்கானல் என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவை எவை? ஏரி, படகு, குதிரைச் சவாரி, வீட்டுக்கு வாங்கி வரும் சாக்லேட். ஒவ்வோர் ஆண்டும் சுற்றுலா சென்று இவற்றையே கண்டோம். திரும்பி வந்து இவற்றையே கட்டுரையாகவும் எழுதினோம். இந்த ஆண்டு வேறொன்றைக் காணும் பேறு பெற்றோம். அதைச் சொல்லுமுன் எங்கள் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்வதே முறை.

எங்கள் வகுப்பில் விடுதியில் தங்கிப் படிக்கும் தோழி ஒருத்தி. அவள் ஊர் வெள்ளகவி. விடுமுறை முடிந்து எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு, ஓரிரு நாள் கழித்தே அவள் வருவாள். ‘தாமதமாக வந்தோர்’ என்ற தலைப்பின் கீழ்க் கரும்பலகையில் அவள் பெயரை எழுதி வைப்போம். கடந்த ஜூன் மாதம் நான்கு நாள் பிந்தி வந்தாள். “பாட்டிக்கு உடம்பு சரியில்லை” என்றாள். “யாருக்குத்தான் பாட்டி இல்லை?” என்று கேட்டுச் சிரித்தோம். விடுதி முற்றத்தில் அவள் செருப்பில்லாமல் நடப்பாள். அதற்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தோம். அவள் ஒன்றுக்கும் பதில் சொன்னதில்லை.

இது எங்கள் வகுப்பாசிரியையான சிஸ்டரின் காதுக்கு எட்டியது. அவர்கள் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “ஒருநாள் அவள் வரும் வழியிலேயே நாமும் நடந்து பார்ப்போம்” என்று மட்டும் சொன்னார்கள். பெற்றோரின் சம்மதமும் வனத்துறையின் அனுமதியும் பெற்று, ஜனவரி மாதத்து விடியற்காலை ஒன்றில், மாணவியர் பதினெட்டுப் பேரும் சிஸ்டர்கள் இருவரும் வட்டக்கானலில் வந்து இறங்கினோம். தோழியின் தந்தையும் சித்தப்பாவும் வழிகாட்டக் காத்திருந்தார்கள்.

சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் ‘டால்பின் மூக்கு’ப் பாறை வரையில் கூட்டமும் கடைகளும் இருந்தன. அதைத் தாண்டியதும் மனித அரவமே இல்லை. மரத்தின் வேர்களே படிகள். சில இடங்களில் பாறையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தபடியே இறங்கினோம். ஒரு பக்கம் சோலைக்காடு, மறுபக்கம் மூடுபனி நிறைந்த பள்ளம். தோழியோ பள்ளி வராந்தாவில் நடப்பதைப் போல முன்னால் நடந்தாள். விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயப் பரிசு வாங்கியவர்கள் எல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்கள்.

இடையில் இளைப்பாற உட்கார்ந்தபோது சிஸ்டர் சொன்ன வரலாறு எங்களை வியப்பில் ஆழ்த்தியது. 1821ஆம் ஆண்டு வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி பழனி மலையை அளக்க வந்தார். அப்போது கோடைக்கானல் என்ற நகரமே கிடையாது. குன்னுவர் வாழ்ந்த வெள்ளகவியில் தங்கி, அங்கிருந்துதான் அவர் மேலே ஏறிச் சென்று அளந்தார். அதன் பின்னரே 1845இல் அமெரிக்க மிஷனரிமார் கோடையில் வீடு கட்டினார்கள். 1863இல் ஏரி அமைந்தது. 1895இல் சேசு சபையினர் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியை நிறுவினார்கள். 1899இல் சூரிய ஆய்வுக்கூடம் தோன்றியது. 1914இல் மலைச்சாலை திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் வெள்ளைக்காரத் துரைமாரும் குதிரையிலோ டோலியிலோதான் மலை ஏற வேண்டியிருந்தது. துரைமாருக்கு டோலி போய் மோட்டார் வந்தது. அவர்களுக்கு முன்பே இருந்த வெள்ளகவிக்கோ, இருநூறு ஆண்டுகள் கடந்து நாங்கள் சென்ற அன்றும் கால்நடைதான் வழி!

எதிரே மணியோசை கேட்டது. மூட்டை சுமந்த குதிரைகள் வந்தன. நாங்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டோம். அரிசி, பருப்பு முதல் சிமெண்டு வரை ஊருக்குள் வருவதும், காப்பிக்கொட்டை, மிளகு, ஆரஞ்சு, பட்டர் புரூட் ஆகியவை வெளியே போவதும் குதிரை முதுகிலும் மனிதர் தலையிலும்தான். “சந்தையில என்ன விலை வித்தாலும் குதிரை வாடகை போக மிச்சந்தான் எங்களுக்கு, சிஸ்டரம்மா” என்றார் தோழியின் தந்தை. 2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களும் இவ்வாறே குதிரையேறி வந்தனவாம்.

மூன்று மணி நேரம் இறங்கியபின் ஊர் எல்லை வந்தது. தோழி நின்றாள், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வெள்ளகவிக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. வீடுகளுக்கு இடையிடையே கோயில்கள். ஆகவே ஊர் முழுவதையுமே கோயிலாக எண்ணி நடக்கிறார்கள். விடுதி முற்றத்தை அவள் எப்படி எண்ணி நடந்தாள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. முதலில் சிஸ்டர் தம் செருப்பைக் கழற்றினார்கள். “எரியும் புதரின் முன் மோசே செய்ததும் இதுதானே!” என்றார்கள். நாங்களும் கழற்றினோம். கல்லின் குளிர்ச்சி உச்சந்தலை வரையில் ஏறியது.

அடுத்தடுத்து ஒட்டிய சிறு வீடுகள். முற்றங்களில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. தோழியின் வீட்டில் எல்லாருக்கும் வரக்காப்பி கிடைத்தது. அவர்கள் தோட்டத்தில் விளைந்து, அவர்கள் வீட்டிலேயே வறுத்து இடித்த தூள். திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டி எங்களைக் கண்டதும், “வாங்க தாயி, வாங்க” என்று எழ முயன்றார். சிஸ்டர் ஓடிச்சென்று உட்கார வைத்தார்கள். பாட்டி எங்களைப் பார்த்துச் சொன்னார்:

“ஜூன் மாசம் எனக்கு மூச்சு முட்டிப் போச்சு தாயி. கம்பளியை மூங்கில்ல கட்டி, நாலு நாலு பேரா மாத்தி மாத்தித் தூக்கிக்கிட்டு மேல போனாங்க. இவ தண்ணிச் செம்பைத் தூக்கிக்கிட்டுக் கூடவே வந்தா. ஆசுபத்திரியில என்னை விட்டு நகரலை. பள்ளிக்கூடம் போ ஆத்தான்னு எவ்வளவோ சொன்னேன், கேக்கலை. பிந்தி வந்தான்னு இவளைத் திட்டிப்புடாதீங்க.”

யாரும் பேசவில்லை. அந்த நான்கு நாட்களில்தான் நாங்கள் கரும்பலகையில் அவள் பெயரை எழுதி, அதன் கீழே கோடும் போட்டிருந்தோம். எழுதிய கையை உடையவள் காப்பித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை.

இந்த ஊருக்கு மட்டுமன்று, சுற்றியுள்ள மலைச் சிற்றூர்கள் பலவற்றுக்கும் இதே நிலைதான் என்று தோழியின் தந்தை கூறினார். இதே ஊராட்சியைச் சேர்ந்த சின்னூர், பெரியூர் மக்கள் பெரியகுளம் பக்கம் இறங்கக் கல்லாற்றைக் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் அது வடியும் வரையில் காத்திருப்பார்கள். பிரசவமோ பாம்புக்கடியோ வெள்ளம் வடியட்டும் என்று காத்திருக்குமா?

“அப்படியானால் ரோடு வந்தால் நல்லதுதானே?” என்று தோழியிடம் கேட்டோம். அவள் சற்று நேரம் யோசித்தாள். “ரோடு வந்தா பாட்டியைத் தூக்க வேணாம். அது வேணும்தான். ஆனா செருப்போட வர்றவங்களையும் பாட்டிலை உடைச்சுப் போடுறவங்களையும் யாரு நிறுத்துவாங்க?” என்றாள். வட்டக்கானல் பாதையோரத்தில் காலையில் நாங்கள் கண்ட குப்பை நினைவுக்கு வந்தது. எங்களில் சிலர் சாலைதான் முதலில் வேண்டும் என்றோம். சிலர் சோலைக்காட்டை வெட்டினால் ஊற்று வற்றிவிடுமே என்றோம். ஒன்று மட்டும் எல்லாருக்கும் விளங்கியது. சாலை எப்படி வர வேண்டும் என்பதை முதலில் சொல்ல வேண்டியவர்கள், பாட்டியைத் தூக்கிச் சென்றவர்களே.

புறப்படும் நேரம் வந்தது. தோழி தன் வீட்டு மரத்து ஆரஞ்சுப் பழங்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். கரும்பலகையில் எழுதியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நாங்கள் உன்னை...” என்று தொடங்கினாள். மேலே வார்த்தை வரவில்லை. தோழி சிரித்துவிட்டு, “வாங்கடி, இருட்டுறதுக்குள்ள கீழே இறங்கணும்” என்று முன்னே நடந்தாள். மன்னிப்பு கேட்கும் வேலையைக்கூட எங்களுக்கு எளிதாக்கிவிட்டாள்!

மாலையில் கும்பக்கரையை அடைந்தபோது எங்கள் முழங்கால்கள் நடுங்கின. பாம்பாற்று நீரில் கால்களை நனைத்துக்கொண்டு, வந்த வழியை அண்ணாந்து பார்த்தோம். மலை தெரிந்தது, ஊர் தெரியவில்லை. அங்கேயே அன்றைய ஜெபமாலையைச் சொல்லி, வெள்ளகவி மக்களுக்காகவும் பாட்டிக்காகவும் ஒப்புக்கொடுத்தோம்.

அன்புத் தோழியரே, எங்கள் வகுப்புக் கரும்பலகையில் ‘தாமதமாக வந்தோர்’ என்ற தலைப்பு இப்போது இல்லை. சிஸ்டரிடம் கேட்டு நாங்களே அழித்துவிட்டோம். யாராவது பிந்தி வந்தால், பெயரை எழுதுமுன் ஒரு கேள்வி கேட்கிறோம்: “எந்த வழியாக வந்தாய்?”

— பத்தாம் வகுப்பு மாணவி