யாரும் எழுந்திரு என்று சொல்லாத மூன்று மணி நேரம்

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் வந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் அரசு அதைக் கொண்டுவந்தது. அதற்கும் முன்பே, 1921இல், பக்கத்து ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் முன்னின்றவர்கள் நாகம்மையாரும் கண்ணம்மாளும். இந்தப் பகுதியில் குடியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பெண் இரண்டு விதமாகத்தான் வருகிறாள். ஒன்று, கடையை மறிப்பவள். இல்லையென்றால், குடித்துவிட்டு வருகிறவனிடம் அடி வாங்குகிறவள். இரண்டும் பொய்யல்ல. 2003இல் டாஸ்மாக் நேரடியாகச் சில்லறைக் கடைகளைத் திறந்த பிறகும் கெங்கவல்லிப் பக்கம் அடி குறையவில்லை. என் அக்கா இருபது வருடம் குடும்பம் நடத்தியது அப்படியொரு வீட்டில்தான்.

அந்த அக்காவின் மகள்தான் என்னைப் பெங்களூரு இந்திரா நகரில் ஒரு ஜின் பாருக்கு அழைத்துப் போனாள். சனிக்கிழமை மதியம். பித்தளை விளக்குகள், பச்சை வெல்வெட் நாற்காலிகள், கண்ணாடிக் கூரை வழியாக வெயில். பக்கத்து மேசைகளில் பாதிக்கு மேல் பெண்கள். சிரித்தார்கள், சாப்பிட்டார்கள், சிலர் சும்மா இருந்தார்கள்.

"சித்தி, நீங்க லைம் சோடா சொன்னாலும் சரிதான். இங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்றாள். நான் ஜின்னே கேட்டேன். டானிக்கின் கசப்பு, எலுமிச்சை, பின்னால் மெல்லிய கொத்தமல்லி மணம். ஜூனிப்பர் என்ற காய்க்கு அடுத்தபடியாக ஜின்னுக்குப் பெரும்பாலும் சேர்ப்பது கொத்தமல்லி விதையாம். தொட்டுக்கொள்ளக் 'கசாவா சிப்ஸ்' வந்தது. எங்கள் ஊர்க் குச்சிக்கிழங்கு. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆனால் ஒரு கோப்பையின் விலை, அந்தக் கிழங்குக் காட்டில் களையெடுக்கும் பெண்ணின் இரண்டு நாள் கூலி. அதையும் அங்கேயே நினைத்துக்கொண்டேன்.

கோப்பையைக் கலந்து தந்தவள் ஓர் இளம்பெண். மது பரிமாறும் இடத்தில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்ற 1914ஆம் ஆண்டுப் பஞ்சாப் கலால் சட்டப் பிரிவு டெல்லியில் வெகுகாலம் நடைமுறையில் இருந்தது. பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். அந்தத் தடை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் அனுஜ் கார்க் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆபத்து இருந்தால் ஆபத்தைத்தான் அகற்ற வேண்டும், பெண்ணை அல்ல என்பதே அதன் சாரம்.

சுவரில் ஹோகார்த் வரைந்த 'ஜின் லேன்' ஓவியத்தின் பிரதி மாட்டியிருந்தது. 1751ஆம் ஆண்டு லண்டன். போதையில் படியில் உட்கார்ந்திருக்கும் தாய், அவள் கையிலிருந்து தவறி விழும் குழந்தை. அந்த நகரத்தில் ஆண்களும்தான் குடித்தார்கள். ஆனால் ஜின்னுக்கு ஆங்கிலத்தில் நிலைத்த பட்டப்பெயர் 'தாயின் அழிவு'.

எங்கள் பக்கத்திலேயே வேறொரு நினைவும் உண்டு. அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. அவன் இறந்தபோது ஔவை பாடிய புறநானூற்றின் 235ஆம் பாட்டு, அவன் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட விதத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறது. பள்ளியில் எங்களுக்கு நெல்லிக்கனி ஔவையைத்தான் அறிமுகப்படுத்தினார்கள்.

மகளிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன். "அப்பாவைப் பாத்து வளர்ந்தவ நீ. இதக் கையில எடுக்கறப்ப ஒண்ணும் தோணாதா?"

கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "தோணும் சித்தி. ரெண்டுக்கு மேல தொட மாட்டேன். ஆனா அவரு குடிச்சாருங்கறதுக்காக நான் இங்க வந்து உக்காரவே கூடாதுன்னா, அவரு எங்கிட்டருந்து இன்னொண்ணையும் பிடுங்கிக்கிட்டாருன்னுதானே அர்த்தம்?"

என்னிடம் பதில் இல்லை. போதை பெண்ணுக்கு விடுதலை தரும் என்று நான் எழுத மாட்டேன். அது உடம்பையும் வீட்டையும் என்ன செய்யும் என்பதை அக்கா வீட்டில் பார்த்திருக்கிறேன். மறியல் செய்த பெண்களின் பக்கம்தான் இன்றும் நிற்கிறேன். ஆனால் அவள் கேட்டது குடியைப் பற்றி அல்ல, உட்காருவதைப் பற்றி.

அவளே போனில் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் நான் ஊருக்குப் போனபோது அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். காசு யார் கொடுத்தது என்று கேட்டாள். உன் மகள்தான் என்றேன். அப்புறம், "எவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?"

"மூணு மணி நேரம்."

முறம் நின்றது. "மூணு மணி நேரமா? யாருமே எந்திரின்னு சொல்லலையா?"

கெங்கவல்லியில் ஒரு பெண் மதியத்தில் எங்கே உட்காரலாம் என்று எண்ணிப் பார்த்தேன். பேருந்து நிறுத்தம், ஆஸ்பத்திரித் திண்ணை, ரேஷன் கடை வாசல், கோயில். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வேண்டும். பஸ் வர வேண்டும், காய்ச்சல் வர வேண்டும், இல்லையென்றால் வேண்டுதலாவது இருக்க வேண்டும். டீக்கடை பெஞ்சில் நாள் முழுக்க இருக்கும் ஆண்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

அக்காவை ஜின் பாருக்குக் கூட்டிப்போகும் எண்ணம் எனக்கில்லை. அவளுக்கும் அது வேண்டாம். அந்த டீக்கடை பெஞ்சுக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். பத்து, பதினைந்து ரூபாயில் முடிகிற செலவு. பெங்களூரை விட அது எங்களுக்கு இன்னும் தூரம்.