எண்ணைப் பார்க்காதீங்க... எடையைப் பாருங்க!

எழுதியிருப்பதை அப்படியே நம்பக்கூடாத சமாச்சாரங்கள் சில உண்டு. ‘ஸ்டேஷனுக்கு மிக அருகில்’ என்கிற மனை விளம்பரம், கல்யாணத் தரகர் சொல்லும் மாப்பிள்ளையின் சம்பளம்... லிஸ்ட்டில் லேட்டஸ்ட்டாகச் சேர்ந்திருப்பது, ரிமோட் கார் பாட்டரி மேல் அச்சடித்திருக்கும் எம்.ஏ.ஹெச்.!

முதல் ஐட்டத்தைப் பற்றிப் புதுவாயல்வாசிகளுக்கு நான் சொல்லவே வேண்டாம். இரண்டாவதைப் பற்றிப் பேசினால் வீட்டில் சோறு கிடைக்காது. ஆகவே மூன்றாவது.

என் அக்கா பையனுக்கு ஏழு வயசு. அத்தானுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. போனஸ் வந்த கையோடு பையனுக்கு ஒரு ரிமோட் கார் வாங்கிவந்து, “எக்ஸ்ட்ரா பாட்டரியும் வாங்கிட்டேன் மாப்ளே... 9900 எம்.ஏ.ஹெச்.!” என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

கார் பிரமாதமாக ஓடியது. நாலு நிமிஷம். அப்புறம் ஜி.என்.டி. ரோட்டில் பிரேக்டவுன் ஆன லாரி மாதிரி நின்றுவிட்டது.

“ராத்திரி பூரா சார்ஜ் போடறேன் மாமா... ஓட்டினா உடனே நின்னுடுது” என்றான் பையன், கண்ணில் தண்ணி முட்ட.

வாங்கிப் பார்த்தேன். இரண்டு லித்தியம் செல்லைச் சேர்த்து ஒரு பச்சை உறை. இந்த ரகத்துக்கு 18650 என்று பெயர். 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம். இந்தச் சின்ன டப்பாவுக்குள் பேர்போன கம்பெனிகளே பெரும்பாலும் 2000-லிருந்து 3500 வரைதான் அடைக்கிறார்கள். 9900 என்பது ஷேர் ஆட்டோவில் முப்பது பேர் போனார்கள் என்பது மாதிரி!

தெரிந்த நகைக்கடையில் தராசு மேல் வைத்தேன். “என்ன தம்பி, இதையும் அடகு வைக்கிற நிலைமையா?” என்றார் கடைக்காரர். நல்ல செல் ஒன்று சுமார் 45 கிராம் இருக்கும். ஜோடி 90. எங்களுடையது ஒயர், உறை எல்லாம் சேர்த்து 58! இந்த மாதிரிப் போலிகளை உடைத்துப் பார்த்தவர்கள், உள்ளே குட்டி செல்லும் இடத்தை அடைக்க ஏதோ பொடியும் இருந்ததைக் காட்டியிருக்கிறார்கள்.

கார் ஓடாவிட்டால் பையன் அழுவான், அவ்வளவுதான். எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. “சார்ஜரை எங்கேடா வைக்கறே?” என்றேன். “கட்டிலுக்கு அடியில மாமா.” கட்டில் மேல் இலவம்பஞ்சு மெத்தை. அதன் மேல் கொசுவலை. உள்ளே அவனும் அக்காவும். அத்தானோ நைட் ஷிஃப்ட்டில்!

லித்தியம் அயனி பாட்டரி லேசுப்பட்டதல்ல. 1991-ல் சோனி கம்பெனி மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய மூன்று பேருக்கு 2019-ல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் ரோஷக்கார ஜாதி. செல்லுக்கு 4.2 வோல்ட்டைத் தாண்டி ஏற்றினால் சூடாகும், உப்பும், தீப்பிடிக்கும். போலி செல்லில் காவல் சர்க்யூட்டும் சந்தேகம்தான்.

அந்த வாரமே மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போய் வேறு பாட்டரி வாங்கினேன். அதில் அடக்கமாக 2000 என்றுதான் போட்டிருந்தது. எடை 96 கிராம். கார் பதினைந்து நிமிஷம் ஓடியது. “2000-தானா?” என்று முகத்தைச் சுளித்த அத்தானும் கடிகாரத்தைப் பார்த்து அடங்கிவிட்டார். சார்ஜர் இப்போது கூடத்துத் தரையில், ஒரு மண்சட்டிக்குள். பகலில் மட்டும், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

ஆபீஸ் முடிந்து ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பெரிய ரக கார் விடும் சகாக்களுக்கும் நாலு வார்த்தை. உறையில் ஐ.எஸ். 16046 என்ற எண்ணும், ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்தப் பதிவு எண்ணைத் தட்டினால் யாருடையது என்று தெரிந்துவிடும். லிப்போ பாட்டரி என்றால் சின்ன வெள்ளை பிளக்கில் மல்ட்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒன்று 3.8, இன்னொன்று 3.3 என்று காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். 2200 எம்.ஏ.ஹெச். பாட்டரிக்கு 2.2 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் வேண்டாம். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்வரை ஓட்டவும் வேண்டாம்.

முதல்முறையாக வாங்குகிறவர்கள், காருக்குப் பொருந்துமானால், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடுக்கே போகலாம். ஆறு செல், 7.2 வோல்ட். கனம் ஜாஸ்தி, வேகம் கொஞ்சம் கம்மி, ஆனால் கோபம் வராது. ஒன்றே ஒன்று, அதன் சார்ஜரை மறந்தும் லித்தியத்துக்கு மாட்டாதீர்கள். நிறைந்ததும் வோல்ட்டேஜ் லேசாக இறங்கும் என்று அது காத்திருக்கும். லித்தியத்தில் அப்படி இறங்காது. அது பாட்டுக்கு ஏற்றிக்கொண்டே போகும்!

பாட்டரி உப்பினால் குத்தாதீர்கள், குப்பையிலும் வீசாதீர்கள். 2022-ம் வருஷத்து விதிகளின்படி, பழைய பாட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. உப்பினால் சந்தோஷப்பட வேண்டியது பூரிக்கு மட்டும்தான் ஸார்!