யாருடைய நிழல்?

என் முதல் கவிதைத் தொகுப்பின் வெளியீட்டு விழாவில் மூத்த விமர்சகர் ஒருவர் ஒரு கவிஞரின் பெயரைச் சொல்லி, "இதில் அவருடைய நிழல்தான் தெரிகிறது" என்றார். அரங்கம் சிரித்தது. அதன்பின் ஏழு ஆண்டுகள் அந்தக் கவிஞரின் புத்தகத்தை நான் திறக்கவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்.

பெர்லினில் வாழும் ஜாஸ் இசைக் கலைஞர் சில்கே எபர்ஹார்டைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் அந்த ஏழு ஆண்டுகள் உறுத்தின. 1972இல் ஜெர்மனியின் ஹைடன்ஹைமில் பிறந்தவர். ஆல்டோ சாக்ஸபோன், கிளாரினெட் வாசிப்பவர். தன் முன்னோடிகளை அவர் ஒளித்துவைக்கவில்லை. 2007இல் பியானோ கலைஞர் அகி தகாசேயுடன் சேர்ந்து ஆர்னெட் கோல்மனின் இசையை இரண்டு இசைத்தட்டுகள் நிறைய வாசித்தார். எரிக் டால்ஃபியின் படைப்புகளையோ மொத்தமாகவே கையில் எடுத்தார்.

டால்ஃபி கறுப்பின அமெரிக்கர். ஆல்டோ சாக்ஸபோன், பாஸ் கிளாரினெட், புல்லாங்குழல் மூன்றிலும் தனக்கென ஒரு மொழியைக் கண்டவர். 1964இல் அதே பெர்லினில், 36 வயதில், நீரிழிவால் இறந்தார். அவர் இசையை வாசிக்க சில்கே அமைத்த குழு 'போட்சா லோட்சா'. அதுவும் டால்ஃபியின் படைப்பு ஒன்றின் பெயர்தான்.

குழுவில் நான்கே பேர். இரண்டு சாக்ஸபோன், ஒரு ட்ரம்பெட், ஒரு டிராம்போன். பியானோ இல்லை, டிரம்ஸ் இல்லை. தாளத்தையும் ஊதுகிறவர்களே சுமக்க வேண்டும். அப்படியே நகலெடுத்தால் இசை நிற்காது. ஒவ்வொன்றையும் பிரித்து நான்கு மூச்சுக்கு ஏற்பக் கோக்க வேண்டும். அந்தக் கோப்பில் சில்கே இருக்கிறார்.

ஆண் தன் முன்னோடியைச் சொன்னால் மரபு என்கிறார்கள். பெண்ணிடம் அதைக் கண்டால் நிழல் என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்து நான் வாசிப்பதையே விட்டேன். சில்கே முழுக்க வாசித்தார்.

அந்தக் குழு பின்னர் பத்துப் பேராக வளர்ந்தது. 2020இல் வந்த 'சில்க் சாங்ஸ் ஃபார் ஸ்பேஸ் டாக்ஸ்' அவருடைய சொந்த இசை. தலைப்பில்கூட அவர் பெயரின் சாயல் இருக்கிறது. அதே ஆண்டு பெர்லின் ஜாஸ் விருதும் கிடைத்தது. ஆனால் டால்ஃபியிடமிருந்து எடுத்த குழுப்பெயரை அவர் விடவில்லை.

போன மாதம் மாணவி ஒருத்தி தன் கவிதையை நீட்டி, "யாரோட மாதிரியாவது இருக்கா, மேம்?" என்று தயங்கிக் கேட்டாள்.

"இருக்கு. அவரை முழுசாப் படி" என்றேன்.

அன்றிரவு என் அலமாரியிலிருந்து அந்தப் பழைய புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன்.